மெட்டீரியல் தண்ணி குடிக்குமா சார்?

போன இதழில் துருவைப் பற்றி எழுதும்போது, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் இரும்பில் துரு வேகம் பிடிக்கும் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை வேறு. சரி, இந்த மாதம் முழுக்க ஈரப்பதம்தான்.

காலையில் எழுந்ததும் போனில் பார்த்தால் ஈரப்பதம் 90 சதவீதம் என்கிறது. மதியம் அதே போன் 46 என்கிறது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. அவ்வளவு தண்ணீர் எங்கே போனது?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

எங்கேயும் போகவில்லை அம்மா, அங்கேயேதான் இருக்கிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 17 கிராம் சொச்சம் நீராவி இருக்க முடியும், அதற்கு மேல் போனால் பனியாகப் படிந்துவிடும். காலையில் 90 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 15.6 கிராம் இருக்கிறது என்று கணக்கு. மதியம் 32 டிகிரிக்கு ஏறியதும் அந்த அதிகபட்சம் 34 கிராம் வாக்கில் போய்விடுகிறது. அதே 15.6 கிராம் இப்போது 46 சதவீதம். படி பெரிதாகிவிட்டது, அரிசி அதே அரிசிதான்.

உங்கள் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கீழே வரும் நைலான், பட்டு நூல், அப்புறம் உங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும் கதவு, எல்லாமே பெரும்பாலும் பார்ப்பது இந்தச் சதவீதத்தைத்தான், கிராமை அல்ல.

ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். நைலான் ஜாப் ஓட்டுகிறோம். மழை பெய்யும் ராத்திரி ஷிஃப்டில் மட்டும் பீஸ் மேல் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழுகிறது. மெட்டீரியலைக் காயவைக்கும் ஹாப்பர் டிரையர் 80 டிகிரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சூப்பர்வைசர் என்னைத் திட்டுகிறார். மெட்டீரியல் தண்ணி குடிக்குமா சார்?
(வாசகர், ஓசூர்)

குடிக்கும், நன்றாகவே குடிக்கும். நைலான் 6-ஐத் தண்ணீரில் ஊறப்போட்டால் தன் எடையில் 9 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். ஊறவே வேண்டாம், 50 சதவீத ஈரப்பதத்தில் சும்மா கிடந்தாலே இரண்டரை, மூன்று சதவீதம் ஏறிவிடும். மோல்டிங்குக்கோ 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர், பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலுக்குள் ஆவியாகி, உருகிய பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அச்சுக்குள் பீய்ச்சும்போது இழுபட்ட குமிழிதான் நீங்கள் பார்க்கும் வெள்ளிக் கோடு. இதற்கு முன்னால் பாலிபுரொப்பிலீன் ஜாப் ஓட்டியிருந்தால் இந்தத் தொல்லையே தெரிந்திருக்காது, அது தண்ணீரைச் சீந்தவே சீந்தாது.

டிரையர் ஓடியும் ஏன் என்பதுதான் நல்ல கேள்வி. உங்களுடையது சாதாரண ஹாட் ஏர் டிரையர் என்று நினைக்கிறேன். அது ஷெட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துச் சூடாக்கி ஊதுகிறது. மழை ராத்திரியில் அந்தக் காற்றிலேயே தண்ணீர் நிறைய, ஆகவே ஊதுகிற காற்றும் ஈரம். மெட்டீரியல் ஓரளவுக்குக் காயும், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் காயாது. காயவில்லையே என்று சூட்டை 100, 110 என்று ஏற்றினால் நைலான் மஞ்சளடிக்கும். இதற்கென்றே டெசிகன்ட் டிரையர் இருக்கிறது. காற்றை முதலில் உலர்த்தி, மைனஸ் 30, 40 டிகிரிக்குப் போனால்தான் பனி படியும் என்ற அளவுக்குக் காயவைத்து, அப்புறம் சூடாக்கி அனுப்பும். முதலாளியிடம் கேளுங்கள். வாங்கித் தரும் வரைக்கும் மூட்டையைப் பிரித்தால் பிரித்தபடி விடாமல் வாயைக் கட்டுங்கள், ஹாப்பர் மூடியைத் திறந்து வைக்காதீர்கள், ரன்னரை, அதாவது பீஸோடு ஒட்டி வரும் மிச்சக் காம்பை, அரைத்துப் போடுகிறீர்கள் என்றால் அதையும் தனியாகக் காயவைத்துப் போடுங்கள்.

ஒன்று சொல்கிறேன், சூப்பர்வைசரிடமும் சொல்லுங்கள். கோடு விழுவது ஒரு வகையில் நல்லது, கண்ணுக்குத் தெரிகிறது. பாலிகார்பனேட்டில் 0.02 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் உருகும் சூட்டில் தண்ணீர் அதன் சங்கிலியையே அறுக்க ஆரம்பித்துவிடும். கோடு விழாமல் பீஸ் பளபளவென்றே வந்தாலும் வரும், வாடிக்கையாளர் திருகாணி முடுக்கும்போது படக்கென்று உடையும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவ்வளவு பாடுபட்டுக் காயவைத்து அடித்த நைலான் பீஸை, அடித்த கையோடு சில இடங்களில் வெந்நீரில் போடுவார்கள். காய்ந்த நைலான் விறைப்பாக, உடையும் பதத்தில் இருக்கும். தண்ணீர் குடித்த பிறகுதான் அதற்கு அந்தப் பேர்போன இழுவை வரும்.

தருமபுரி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு. நைலான் மாதிரிகளை மே மாதம் இழுத்துப் பார்த்தபோது வந்த வலிமை, நவம்பரில் வரவில்லை, ரொம்பக் குறைவு. வழிகாட்டி ஆசிரியர் நான் தப்பாகச் செய்தேன் என்கிறார். ஈரப்பதக் கூண்டு வாங்கக் கல்லூரியில் பணம் இல்லை. ஏசி அறையில் வைத்தால் போதுமா?
(மாணவர், தருமபுரி)

தம்பி, நீங்கள் தப்பாகச் செய்யவில்லை, பாதியை எழுதாமல் விட்டீர்கள். நைலான் 6-இன் தரவுத்தாளை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு எண் போட்டிருப்பார்கள், காய்ந்ததற்கு ஒன்று, ஈரம் ஏறியதற்கு ஒன்று. விறைப்பு 3000 மெகாபாஸ்கல் என்று ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் 1000 வாக்கில் இருக்கும், வலிமை ஏறக்குறைய பாதி. ஒரே பொருள், ஒரே இயந்திரம். அதனால்தான் பிளாஸ்டிக் சோதனைக்கு 23 டிகிரி, 50 சதவீதம் என்றும், துணிக்கு 20 டிகிரி, 65 சதவீதம் என்றும், நம் ஊர் சிமென்ட் சோதனைக்கூடத்துக்கு 27 டிகிரி, 65 சதவீதம் என்றும் தரநிலைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரப்பதத்தை எழுதாத நைலான் முடிவை நான் பாதி முடிவு என்றே எடுத்துக்கொள்வேன், உங்கள் ஆசிரியர் கோபித்தாலும் சரி.

ஏசி அறை போதாது. கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு ஈரம், நிற்கும்போது ஒரு ஈரம். ஆனால் ஏசி பிறந்ததே இதற்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1902-இல் வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்கு. காகிதம் ஈரத்தில் உப்பிச் சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை, அதுதான் பிரச்சினை. ஆளுக்குக் குளிர்ச்சி என்பது பின்னால் வந்தது. நம்மிடம் ஏசி இல்லாத காலத்தில் சிவகாசி இருந்தது. அங்கே அச்சுத் தொழில் வேரூன்றியதற்கு வறண்ட வானிலையும் ஒரு காரணம்.

உங்களுக்குக் கூண்டு வேண்டாம். காற்றுப் புகாத டப்பா ஒன்று, வேதியியல் ஆய்வகத்தில் மெக்னீசியம் நைட்ரேட் கொஞ்சம். ஒரு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, முழுசும் கரையாமல் சேறு மாதிரி இருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். டப்பாவுக்குள் வைத்து மூடினால் 25 டிகிரியில் உள்ளே 53 சதவீதத்தில் வந்து நிற்கும், தண்ணீர் கூடினால் உப்பு கரைந்து இழுத்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். மெக்னீசியம் குளோரைடு போட்டால் 33, சமையல் உப்பு போட்டால் 75. மாதிரிகள் சேற்றில் படாமல் மேலே வலையில் வைத்து, தினம் ஒரு தடவை எடை போடுங்கள். எடை ஏறுவது நிற்கும் வரை இயந்திரத்தில் மாட்டாதீர்கள். தடித்த மாதிரி என்றால் மாதக்கணக்கில் ஆகும், அதனால் மெல்லியதாக எடுங்கள்.

கருவியையும் நம்பாதீர்கள். நான் ஓசூரில் தரச் சோதனை அறையில் இருந்தபோது சுவரில் தொங்கிய டிஜிட்டல் மானியைப் பார்த்து ஆறு மாதம் ரிஜிஸ்டர் எழுதினோம். ஒருநாள் சந்தேகம் வந்து, சோடா மூடியில் சமையல் உப்பைக் குழைத்து, மானியோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் 75 காட்ட வேண்டியது 62 காட்டிக்கொண்டு இருந்தது. ஆறு மாத ரிஜிஸ்டரும் வீண்.

பட்டுக்கூடு வளர்க்கிறோம். வீட்டில் எடை போட்டுக் கொண்டுபோனால் தருமபுரி அங்காடியில் குறைகிறது. காற்றில் ஈரம் குறைந்ததால்தான் என்கிறார்கள். உண்மையா?
(வாசகர், பாலக்கோடு)

கொஞ்சம்தான் உண்மை. பச்சைக்கூட்டின் எடையில் பட்டு ஓடு ஐந்தில் ஒரு பங்குதான், மீதி உள்ளே இருக்கும் கூட்டுப்புழு. அது உயிரோடு மூச்சுவிட்டுத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கிறது, குறைவு பெரும்பாலும் அங்கேதான். அறுத்ததும் சீக்கிரம் கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. நூலாக்கிய பிறகுதான் நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். காய்ந்த பட்டு 100 கிலோவுக்கு 11 கிலோ தண்ணீர் இருக்கலாம் என்று வணிகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரான்சில் லியோன் நகரத்தில் 1805-இலேயே பட்டின் ஈரத்தைச் சரிபார்த்து எடை சொல்ல அரசு ஒரு நிலையம் வைத்தது, நனைத்து விற்கும் புத்தி எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: புழு சந்திரிகையில் (கூடு கட்ட விடும் தட்டில்) ஏறிக் கூடு கட்டும் நாட்களில் மனைக்குள் ஈரம் கூடினால் நூல் பிரியாமல் அறுந்து அறுந்து வரும், விலை அங்கேதான் அடிவாங்கும். அந்த நாட்களில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வெல்டிங் பட்டறை. 7018 ராடு ஈரமானால் ஜாபில் ஒட்டவைத்துச் சூடு பண்ணி ஓட்டிவிடுவோம். அது போதாதா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

போதாது, அதைச் செய்யவே செய்யாதீர்கள். ராடின் பூச்சுக்குள் போன ஈரம் மின்வில்லின் (ஆர்க்) சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி இரும்புக்குள் இறங்கும். பற்று நன்றாக இருப்பதாகத் தெரியும், ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து ஓரத்தில் விரிசல் விடும், அதனால்தான் முக்கியமான வேலைகளில் 48 மணி நேரம் விட்டுச் சோதிக்கிறார்கள். 7018 என்பதே ஹைட்ரஜன் குறைவு என்று சொல்லி விற்கும் ராடு, ஈரத்தோடு ஓட்டினால் அந்தக் காசு தண்டம். அடுப்பில் 300 டிகிரிக்கு மேல், பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி வாட்டி எடுத்து, சூடான குவிவரில் (ராடு வைக்கும் கைப்பெட்டியில்) வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஜன்னல் கம்பி, கிரில் கேட்டுக்கு ஓட்டும் 6013-க்கு இவ்வளவு வேண்டாம். அதை இப்படி வாட்டினால் கெட்டுவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் காயவைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?
(வாசகி, பர்கூர்)

வீட்டு மிக்ஸியின் மோட்டாருக்குள் கறுப்பாக இரண்டு கார்பன் பிரஷ் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் கிராஃபைட் வழுக்குவது அதன் இயல்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் விமானங்கள் உயரே போனதும் ஜெனரேட்டரின் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து பொடியாயின. மேலே காற்றில் ஈரமே இல்லை. கிராஃபைட் வழுக்க அதன் அடுக்குகளின் மேல் கொஞ்சம் நீராவி வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர், அதற்கு ஈரம் ஆகாது, வெற்றிடத்தில் அருமையாக வழுக்கும், அதனால் விண்கலங்களுக்குப் போகிறது.

மின்னணுச் சாமான் பூட்டும் ஆலைகளிலும் ரொம்பக் காய்ந்தால் ஆள் நடந்தாலே நிலைமின்சாரம் ஏறி சிப்பைச் சுட்டுவிடும். ஈரம் கூடினாலோ சிப்பின் பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் புகுந்து, ஈயம் உருக்கும் சூட்டில் சோளப்பொரி மாதிரி வெடிக்கும். லித்தியம் பேட்டரி செல் செய்பவர்கள்தான் காயவைப்பதில் எல்லைக்கே போகிறவர்கள். மைனஸ் 40 டிகிரியில்தான் பனி படியும் என்ற அளவுக்கு அறையை உலர்த்துகிறார்கள், ஒரு கன மீட்டரில் 0.12 கிராம்தான் தண்ணீர். காவேரிப்பட்டணத்து அம்மா காலையில் பார்த்தாரே, அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அறையில் பெரிய தொல்லை வேறெதுவும் இல்லை, உள்ளே வேலை செய்கிறவர்களின் மூச்சும் வியர்வையும்தான்.

கிரானைட் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து காரின் முன் கண்ணாடியில் சின்னதாக ஒரு கீறல். கோடை முழுக்க அப்படியே இருந்தது. மழை ஆரம்பித்ததும் நாளுக்கு நாள் நீள்கிறது. கண்ணாடிக்குக்கூட ஈரமா?
(வாசகர், தேன்கனிக்கோட்டை)

கண்ணாடிக்கும்தான். 1967-இல் வீடர்ஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்ணாடியில் விரிசல் நகரும் வேகத்தை அளந்து காட்டினார், அதே இழுவையில் ஈரம் கூடக் கூட விரிசல் வேகமாக ஓடுகிறது. விரிசலின் நுனியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் ஏற்கெனவே இழுபட்டு நிற்கின்றன, அங்கே ஒரு நீர் மூலக்கூறு போய்ச் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு விட்டுப்போகும், அடுத்தது, அதற்கடுத்தது. நுனி என்பது அணு அளவு இடம், அதற்கு மழை கொட்ட வேண்டாம், ஈரக்காற்று போதும். நீங்கள் உள்ளே ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைப்பதும், குண்டும் குழியுமான ரோடும் இழுவையைக் கூட்டும்.

நீளம் இன்னும் விரலளவுக்குள் இருந்தால் பிசின் ஊற்றி அடைத்துத் தருகிறார்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிசின் பிடிக்காது, ஆகவே வெயிலில் நிறுத்திக் காயவிட்டு, கடைக்குப் போகும் வரை கீறலின் மேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டி வையுங்கள்.