வெங்காயம் முளைத்தது, அல்லியம் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். போன மே மாதம் வெங்காயக் குடும்பத்துப் பூச்செடியான அலங்கார அல்லியத்தில் கிரிஸ்டோபி வகை விதையை வாங்கி, வீட்டுக்குள் ஜன்னலோரம் வெதுவெதுப்பான இடத்தில் விதைத்தேன். பக்கத்துத் தொட்டியில் போட்ட வெங்காயம் பத்தே நாளில் முளைத்துவிட்டது. இதில் இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட வரவில்லை. விதை சொத்தையா?

பதில்: விதை நல்லதாகவே இருந்திருக்கலாம். அந்த வெதுவெதுப்புதான் அதைத் தடுத்திருக்கும். கிரிஸ்டோபியின் தாயகம் துர்க்மேனிஸ்தான், வடக்கு ஈரான் பக்கத்து மலைச்சரிவுகள். அங்கே கோடையில் நிலம் காய்ந்து கிடக்கும். உதிர்ந்த உடனே முளைக்கும் விதை பிழைக்காது. அதனால் ஈரமும் குளிரும் சேர்ந்து பல வாரம் நீடித்த பிறகே அது முளைக்கும். வெங்காயமும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆனால் நம் சமையல் வெங்காயம் பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்தது, அதற்குக் குளிர்காலம் தேவையில்லை.

பழைய தொட்டியைக் கொட்டிவிடவில்லை என்றால் அப்படியே வெளியே வையுங்கள், வசந்தத்தில் முளைக்க வாய்ப்பு உண்டு. புதிதாக விதைப்பதென்றால் இந்த ஆண்டு அறுவடையான விதையாகப் பார்த்து வாங்குங்கள். அல்லியம் விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். அக்டோபர் கடைசியில், 15 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியில், மூன்றில் ஒரு பங்கு பருமணல் கலந்த மண்ணில் இடைவெளிவிட்டுத் தூவி, மேலே அரை செ.மீ. மணல் போடுங்கள். அணில் கிளறாமல் இருக்கக் கம்பி வலை கட்டாயம். அப்புறம் பனி மூடினாலும் கவலை வேண்டாம், உங்கள் ஊர்க் குளிர் இந்த விதைக்கு நல்லதுதான்.

குளிர்காலம் பாதி போய்விட்டதா? ஈர மணலில் விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். சில வாரம் கழித்து வாரம் ஒருமுறை பாருங்கள். குளிரிலேயே வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். பார்த்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

பலர் செடியை இழப்பது முளைத்த பிறகுதான். நாற்று கொண்டை ஊசி போல வளைந்து வரும். நுனியில் கருப்பு விதைத்தோல் ஒட்டியிருக்கும். அதை இழுத்துவிடாதீர்கள், தானாக விழும். முதல் வருடம் முழுக்க புல் மாதிரி ஒரே ஓர் இலைதான். ஜூனில் அது மஞ்சளாகி மடியும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படிச் செய்து, கொட்டிய மண்ணில் மிளகு அளவில் பளபளவென்று கிழங்குகள் கிடப்பதைக் கண்டு பதறிப் பொறுக்கியிருக்கிறேன். இலை மடிந்தால் செடி உறங்கப் போகிறது என்று அர்த்தம். தண்ணீரை வெகுவாகக் குறையுங்கள். இரண்டு வருடம் அதே தொட்டியில் இருக்கட்டும், பிறகு இலையுதிர் காலத்தில் தரைக்கு மாற்றலாம்.

பூக்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். 'பர்பிள் சென்சேஷன்' என்ற அல்லிய ரகத்தின் விதையில் வரும் செடிகள் நிறத்தில் தாயை அப்படியே ஒத்திருக்காது. அதே நிறம் வேண்டுமென்றால் கிழங்கு வாங்குவதே சரி. அவ்வளவு நாள் காத்திருக்க மனமில்லாதவர்கள் கூடவே சைவ்ஸ் அல்லது பூண்டுச் சைவ்ஸ் (இலைக்காக வளர்க்கும் அல்லிய வகைகள்) விதையுங்கள். இவற்றுக்குக் குளிர் வேண்டாம், 20 டிகிரி வெப்பத்தில் முளைத்து, பெரும்பாலும் இரண்டாம் வருடமே பூக்கும்.

தொட்டியில் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பேனா மை வெயிலில் மங்கிவிடும்.