ஸ்னோவுக்குள்ள கிழங்கு: கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

கனடாவில, ஸ்காபரோவில பின்வளவு கொத்திற ஆள் நான், வந்த கேள்வியளுக்கு ஒண்டொண்டா பதில் போடுறன்.

தம்பி, ராசவள்ளிக் கிழங்கு இஞ்ச வருமோ? தமிழ்க் கடையில வாங்கினது முளைச்சிட்டுது, எறிய மனமில்லை.

அக்கா, கொடி வடிவா ஓடும், கிழங்குதான் வராது. அதுக்கு எட்டு ஒன்பது மாசம் சூடு வேணும், எங்களுக்கு மே நடுவில இருந்து ஒக்டோபர் வரைக்கும்தான் உறைபனி இல்லாத காலம். நானும் பெரிய சட்டியில வைச்சுப் பாத்தனான், கடைசியில கிண்டினா முட்டையளவில ஒண்டு, ஒரு கோப்பை கஞ்சிக்கும் காணாது. ஆசை விடேல்லை எண்டா அதே குடும்பத்துச் சீன யாம் கிழங்கைத் தாட்டுப் பாருங்கோ, சைனீஸ் கடையில நீட்டுத் தடி மாதிரி வைச்சிருப்பாங்கள். கொடி செத்தாலும் கிழங்கு மண்ணுக்குள்ள கிடந்து வசந்தத்தில முளைக்கும். ஆனா நேர கீழ மூண்டு அடி போகும், கிண்டி எடுக்க இடுப்பு விட்டுப்போம், அதால உயரமான பெட்டியில வையுங்கோ. தோல் சீவேக்க கையுறை போடுங்கோ, கடிக்கும். கொடியில காய்க்கிற குட்டிக் கிழங்குகளை விழமுந்திப் பிடுங்கிப்போடுங்கோ, அமெரிக்காவில கிழக்குப் பக்கக் காடுகளுக்குள்ள அது இப்பிடித்தான் பரவிக் களையாப் போச்சு. நிறமும் வாசமும் ராசவள்ளி இல்லை, அதை இப்பவே சொல்லிப்போட்டன்.

அண்ணை, சன்சோக் கிழங்கு வறுத்துச் சாப்பிட்டிட்டு இரவு முழுக்க வயித்துக்குள்ள மேளம். என்ன பிழை?

ஹாஹா, பிழை உம்மில இல்லை. அதில மாச்சத்துக்குப் பதிலா இனுலின் எண்டு ஒண்டு இருக்கு, எங்கட குடலுக்கு அது சமிக்காது, கீழ பெருங்குடலில கிருமிகள்தான் அதைப் புளிக்க வைச்சுக் காத்தாக்கும். செப்டம்பரில கிண்டினீரோ? நாலைஞ்சு தரம் உறைபனி விழுந்தாப்பிறகு நவம்பரில கிண்டும், இல்லாட்டி மண்ணிலயே விட்டிட்டு ஏப்ரலில எடும், குளிரில இனுலின் கொஞ்சம் சீனியா மாறி இனிப்பும் கூடும். முதல் தரம் ரெண்டு துண்டு காணும். புளி விட்டுக் கனநேரம் அவிச்சாலும் குறையும், எங்கட புளிக்குழம்பு அதுக்கெண்டே செய்த மாதிரி. இது சூரியகாந்திக் குடும்பம், இந்த மண்ணின்ர கிழங்கு, 1605ல சாம்ப்ளேன் எண்ட பிரெஞ்சுக்காரன் இப்ப அமெரிக்காவில இருக்கிற கேப் கொட் பக்கம் போகேக்கயே அங்கத்தைப் பழங்குடிச் சனம் நட்டு வைச்சிருந்தது. ஒரு துண்டு விட்டாலும் திரும்ப முளைக்கும், வேலியோரம் பாத்து வையும், நடுத்தோட்டத்தில வைச்சிட்டு என்னைத் திட்டக்கூடாது.

அஸ்பரகஸ் வைச்சு ரெண்டாம் வருசம், தண்டு பென்சில் மொத்தத்தில வருது. வெட்டலாமோ?

வேண்டாம் தங்கச்சி, கையைக் கட்டிக்கொண்டிரும். மூண்டாம் வருசம் ரெண்டு கிழமை வெட்டும், அடுத்த வருசத்தில இருந்து ஆறு கிழமை, பிறகு இலை விரிய விடவேணும், அந்த இலைதான் வேருக்குச் சாப்பாடு போடுறது. பதினைஞ்சு வருசத்துக்கு மேல தரும். புதுசா வாங்கிற ஆக்கள் குவெல்ஃப் மில்லேனியம் எண்டு கேளுங்கோ, குவெல்ஃப் யூனிவர்சிற்றியில உருவாக்கினது, குளிர் நல்லாத் தாங்கும்.

மொன்றியலில ஓகா வைச்சனான், இலை வடிவா இருந்தது, கிழங்கே இல்லை.

அது அந்தீஸ் மலைக் கிழங்கு, பகல் பன்ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைஞ்சாப்பிறகுதான் கிழங்கு வைக்கத் தொடங்கும். அது தொடங்கேக்க உங்கட பனி வந்து இலையைக் கருக்கிப்போடும். விடுங்கோ.

வினிபெக்கில என்னதான் வரும் அண்ணை? மைனஸ் முப்பத்தைஞ்சு!

ருபார்ப்! அதுக்குக் குளிர் இல்லாட்டித்தான் வருத்தம். தண்டை வெட்டாம முறுக்கி இழுத்து எடும், மாங்காய்க்குப் பதிலாப் பருப்புக்க போட்டா அந்தப் புளிப்பு அப்பிடியே இருக்கும். இலை நஞ்சு, பிள்ளையளுக்கும் சொல்லி வையும். சன்சோக்கும் அங்க நிக்கும்.

கறிவேப்பிலையை வெளிய விட்டா வேர் தப்புமோ?

தப்பாது அக்கா, செப்டம்பரிலயே உள்ள தூக்குங்கோ.