கூப்பிட்டால் வராத ராஜபாளையம்

கேள்வி: எங்கள் ராஜபாளையம் நாய்க்கு எட்டு மாதம். கடுவன். கூப்பிட்டால் சில நேரம் வருகிறது, பல நேரம் கண்டுகொள்வதே இல்லை. சோற்றுத்தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது. "நாலு அடி போட்டால்தான் அடங்கும், பகலெல்லாம் கட்டிப் போடு" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, உங்களுக்கு மனசு வராததே நல்லது. அடிக்கவே வேண்டாம்.

முதலில் அதன் காதைச் சோதியுங்கள். வெள்ளை ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. ஒரு காது மட்டும் கேட்காதவையும் உண்டு. அப்படிப்பட்ட நாய்க்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தெரியும். அது தூங்கும்போது பின்பக்கம் சற்றுத் தள்ளி நின்று, தரை அதிராமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்கவில்லை என்று தெரிந்தாலும் கவலை வேண்டாம், கைச்சைகையிலேயே எல்லாம் பழக்கலாம்.

காது சரி என்றால், அடுத்து அதன் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்த இனம் இது. ராத்திரி தோட்டத்தில் யாரும் ஏவாமலே தானாக முடிவெடுக்கும் நாயைத்தான் அந்தக் காலத்தில் விரும்பி வளர்த்தார்கள். அதே புத்திதான் உங்கள் வீட்டு முற்றத்திலும் நிற்கிறது. போதாததற்கு எட்டு மாதம் விடலைப் பருவம். 2005-ல் தபால்தலையில் இடம்பிடித்த நாய் என்ற பெருமைக்காக வாங்கிவிட்டு, இந்த வயதில் சமாளிக்க முடியாமல் தெருவில் விடுகிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் கடிதம் எழுதிக் கேட்டிருப்பது எனக்கு நிம்மதி.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் எதற்கெல்லாம் அதைக் கூப்பிடுகிறீர்கள்? கட்டிப் போட, குளிப்பாட்ட, திட்ட. வந்தால் நஷ்டம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "வா", இன்னொருவர் "கம் கம்" என்று ஆளுக்கொன்றாகச் சொன்னால் அது குழம்பும். கோழி ஈரலை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் பசியோடு இருக்கும்போது, வீட்டுக்குள்ளேயே நாலடி தூரத்தில் நின்று ஒரே ஒரு தடவை "வா" என்று சொல்லுங்கள். வந்த நொடியே ஈரல் வாய்க்குள் போக வேண்டும். அப்புறம் பிடித்து வைக்காமல் போக விடுங்கள். இதுதான் பலர் விட்டுவிடும் இடம். வந்தாலும் சுதந்திரம் பறிபோகாது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை ஓடி வரும். வரவில்லையென்றால் திரும்பத் திரும்பக் கத்தாதீர்கள், இரண்டடி கிட்டே போய்ப் புதிதாகத் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போதும், காலையும் மாலையும்.

வீட்டுக்குள் தவறாமல் வரத் தொடங்கியதும் முற்றம், அப்புறம் மைதானம். வெளியில் பத்து மீட்டர் கயிற்றைக் கழுத்தில் கட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். கயிறு இல்லாமல் திறந்தவெளியில் விடவே கூடாது. ஆட்டையோ கோழியையோ கண்டு ஓட ஆரம்பித்தால் ஈரலாவது ஒன்றாவது!

உறுமலுக்கு வருவோம். "கிட்டே வராதே" என்று அது சொல்கிற முன்னறிவிப்பு அது. அடித்து அதை நிறுத்தினால், நாளைக்கு உறுமாமலேயே கடிக்கும். தட்டைப் பிடுங்கிப் பழக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது பயத்தைத்தான் கூட்டும். அது சாப்பிடும்போது, உடம்பை விறைக்காத தூரத்தில் நின்று ஒரு ஈரல் துண்டைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு விலகிப் போங்கள். ஆள் வந்தால் நல்லது வருகிறது என்று பதிந்த பிறகு, மெல்ல மெல்ல ஓரடி குறைக்கலாம். விறைத்தாலோ அவசரமாக விழுங்கினாலோ கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். பிள்ளைகள் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கமே விடாதீர்கள். உறுமல் திடீரென்று தொடங்கியது என்றால் பல், காது, வயிறு எங்காவது வலி இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பகலெல்லாம் சங்கிலியில் கிடந்தால் இந்த நாய் வெறுப்பேறி இன்னும் முரடாகும். வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நல்ல நடை, சாயங்காலம் தரை சூடு ஆறியதும் இன்னொன்று. மற்ற நேரம் நிழலும் தண்ணீரும் உள்ள, மதில் சூழ்ந்த இடத்தில் அவிழ்த்து விடுங்கள்.

ராஜபாளையம் பெரும்பாலும் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஈரல் கிண்ணத்தைச் சில நாள் உங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். அடிக்காமலே அது அவரிடம் ஓடி வருவதை ஒருமுறை பார்த்துவிட்டால், கம்பைத் தேட மாட்டார்.