ஜாதிக்காய் எண்ணெய்: முழங்காலில் தடவலாம், பாலில் விட வேண்டாம்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு வயது 68. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் இரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். முழங்கால் வலி, இரவில் பாத எரிச்சல், தூக்கமின்மை ஆகிய மூன்றும் அவரை வாட்டுகின்றன. சென்ற மாதம் புதுச்சேரியில் ஒரு கடையில் 10 மில்லி ஜாதிக்காய் எசன்ஷியல் ஆயில் வாங்கினேன். மூட்டில் தடவினால் வலி குறையும், பாலில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும், பல்வலிக்கும் நல்லது, குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஏழு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. இந்த எண்ணெயை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெயை உங்கள் அம்மாவின் பாலிலும் விட வேண்டாம், குழந்தையின் வாயிலும் வைக்க வேண்டாம். ஏற்கெனவே ஓரிரு முறை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாலும் பதற்றப்படத் தேவையில்லை; இன்றோடு நிறுத்தினால் போதும். ஆனால் எண்ணெயைத் தூக்கி எறியவும் தேவையில்லை. தோலுக்கு மேலே, முறையாகக் கலந்து தடவினால் அதற்குப் பயன் உண்டு.

நம் வீடுகளில் ஜாதிக்காய் புதிய பொருளன்று. தாம்பூலத்தில் சேர்ந்தது, பிரியாணி மசாலாவில் சேர்ந்தது, பிறந்த குழந்தைக்கு உரைமருந்துக் கல்லில் மாசிக்காய், கடுக்காய், வசம்பு ஆகியவற்றோடு உரசப்பட்டது. அந்தப் பழக்கத்தின் மேல் உள்ள நம்பிக்கையே அப்படியே இந்தச் சிறு பாட்டிலின் மேலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காயும் எண்ணெயும் ஒன்றல்ல என்பதைத்தான் நான் விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஜாதிக்காயைப் பாக்குவெட்டியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர்ந்த சதைக்குள் பழுப்பு நிறக் கோடுகள் நரம்புபோல வளைந்து வளைந்து ஓடும். மணமுள்ள எண்ணெய் அந்தக் கோடுகளில்தான் செறிந்திருக்கிறது. காயை இடித்து, நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பதே எசன்ஷியல் ஆயில் எனப்படும் நறுமண எண்ணெய். 100 கிராம் காயில் ஏறத்தாழ 10 கிராம் அளவுக்கு இது கிடைக்கும். ஒரு காய் ஐந்து முதல் ஏழு கிராம் எடை இருக்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையிலுள்ள 10 மில்லி பாட்டிலுக்குள் ஏறக்குறைய 15 முதல் 20 ஜாதிக்காய்களின் சாரம் அடங்கியிருக்கிறது. ஒரு சொட்டே அரை கிராம் காய்க்குச் சமம். உரைமருந்துக் கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றும்போது தேய்வது அதில் மிகச் சிறு பங்குகூட இருக்காது. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஜாதிக்காய்த் தைலம் வேறு வகை. அது பெரும்பாலும் நல்லெண்ணெயில் காய்ச்சப்பட்டது, இவ்வளவு செறிவானதன்று. ஆகவே பாட்டிலின் பெயரைப் பார்த்து மட்டும் அளவை முடிவு செய்யக் கூடாது.

இந்த எண்ணெயில் சபினீன், பைனீன் போன்ற மணப்பொருள்கள் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றோடு மிரிஸ்டிசின், எலிமிசின், சாஃப்ரோல், மெத்தில்யூஜினால் ஆகியவையும் சிறிய அளவில் உள்ளன. மிரிஸ்டிசினும் எலிமிசினும் மூளையையும் நரம்புகளையும் பாதிப்பவை. 1829-ஆம் ஆண்டிலேயே செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கினியே மூன்று ஜாதிக்காய்களைத் தாமே தின்று பார்த்து, தமக்கு ஏற்பட்ட மயக்க நிலையைப் பதிவு செய்திருக்கிறார். ஐந்து கிராம் தூளுக்கு மேல் ஒரே வேளையில் உட்கொண்டவர்களுக்கு, மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து, வாய் வறட்சி, முகச் சிவப்பு, குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது போன்ற தொல்லைகள் தொடங்கி, ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதை மருத்துவ நூல்கள் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றன. தின்றவுடன் ஒன்றும் தெரியாததால், “போதவில்லை” என்று எண்ணி மறுபடியும் எடுப்பவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் பெருகுகிறது.

இரண்டு சொட்டு அந்த அளவை எட்டாது என்பது உண்மைதான். ஆனால் இரவு நேரத்தில், மங்கலான வெளிச்சத்தில், மூடியில் சொட்டுக் கட்டுப்பாடு இல்லாத பாட்டிலைச் சாய்க்கும்போது இரண்டு சொட்டு என்பது அரைக் கரண்டியாக மாறுவதற்கு ஒரு நொடி போதும். அதோடு, சாஃப்ரோலும் மெத்தில்யூஜினாலும் எலி, சுண்டெலிச் சோதனைகளில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கியவை. அமெரிக்காவில் சாஃப்ரோலை உணவில் சேர்ப்பதற்கு 1960-ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டார்கள். சமையலில் சேரும் ஒரு சிட்டிகைத் தூளுக்காக நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருந்து என்ற பெயரில் செறிந்த எண்ணெயை மாதக்கணக்கில் தினமும் குடிப்பதை என்னால் ஏற்க முடியாது. தூக்க மாத்திரையோ மன அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் இதை உட்கொள்வது இன்னும் தவறு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தோலில் தடவுவதைக்கூடத் தவிர்ப்பது நல்லது. கைக்குழந்தை உள்ள உங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே அம்மாவுக்குத் தேய்த்துவிடும் வேலையை வீட்டில் வேறு யாரேனும் செய்யட்டும்.

இனி முழங்காலுக்கு வருவோம். வீக்கம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்த எண்ணெய் வலியையும் வீக்கத்தையும் குறைத்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனிதர்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு அதே உறுதியோடு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனாலும் தடவும்போது தோன்றும் இளஞ்சூடு, மணம், இதமாகத் தேய்த்துவிடும் கை ஆகிய மூன்றும் சேர்ந்து சிறிது நேரம் வலியைத் தணிக்கும் என்பதை என் நோயாளிகளிடமே பார்த்திருக்கிறேன். அந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இருமல் சிரப் பாட்டிலுடன் வரும் 10 மில்லி அளவு மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடி நல்லெண்ணெய்க்கு ஒரு சொட்டு ஜாதிக்காய் எண்ணெய் என்பது கணக்கு. மூன்று மூடி நல்லெண்ணெயில் மூன்று சொட்டு விட்டுக் கலக்கி வைத்தால் சில நாள்களுக்கு வரும். முதல் நாள் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சிறு பொட்டளவு தடவி, ஒரு நாள் முழுதும் பாருங்கள். சிவப்போ அரிப்போ வரவில்லை என்றால் முழங்காலைச் சுற்றித் தடவி, ஐந்து நிமிடம் மெதுவாகத் தேய்த்துவிடலாம். கலக்காத எண்ணெயை நேரடியாகத் தோலில் விடக் கூடாது. தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. குழந்தையைத் தூக்கவும் கூடாது. இதனோடு, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தும் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுப்பெற்றால் முழங்காலின் சுமை குறையும். எந்த எண்ணெயாலும் செய்ய முடியாத வேலை அது.

பாத எரிச்சலைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் மூன்று தொல்லைகளில் ஒன்றாக அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதை முதலிடத்தில் வைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரையில் இரவு நேரப் பாத எரிச்சல் என்பது பெரும்பாலும் நரம்புகள் பாதிக்கப்பட்டதன் அடையாளம். இதற்கு ஜாதிக்காய் எண்ணெய் உதவுமா என்பதை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். டிரினிடாடில் 74 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஜாதிக்காய், ஜாதிபத்திரி எண்ணெய்கள் சேர்ந்த, தோலில் தடவும் மருந்தையும், மற்றொரு பிரிவினருக்கு அவை இல்லாமல், வலித் தைலங்களில் வழக்கமாகச் சேரும் மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் மட்டும் கலந்ததையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். இரு பிரிவினருக்கும் எரிச்சல் குறைந்தது. ஆனால் ஜாதிக்காய் சேர்ந்ததால் கூடுதல் பலன் எதுவும் தென்படவில்லை. ஆகவே பாதத்துக்கு இந்த எண்ணெயை நான் பரிந்துரைக்கவில்லை.

பரிந்துரைக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். எரிச்சலுக்காகப் பாதத்தில் ஏதோ தைலத்தைத் தேய்த்து, அதன் மேல் வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளங்காலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். அவருக்கோ வலியே தெரியவில்லை. எரிச்சல் இருக்கும் பாதத்திலேயே சூடு உணரும் திறன் போயிருக்கும் என்பதை வீட்டிலிருந்த யாரும் அறிந்திருக்கவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. உங்கள் அம்மாவின் பாதத்துக்கு ஒத்தடம் வேண்டாம். வெடிப்பு இருந்தால் எந்த நறுமண எண்ணெயும் வேண்டாம். தினமும் இரவில் நல்ல வெளிச்சத்தில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடும் இதே பாத எரிச்சலைத் தரும். ஊசியாலோ மாத்திரையாலோ அதைச் சரி செய்ய முடியும். எனவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, பி12, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகளையும், பாத உணர்வுச் சோதனையையும் இந்த மாதமே செய்துவிடுங்கள். மஞ்சக்குப்பத்திலுள்ள அரசு தலைமை மருத்துவமனையிலோ, வசதிப்பட்டால் கோரிமேட்டிலுள்ள ஜிப்மரிலோ இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். நரம்பு எரிச்சலுக்கென்றே நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. சிறுநீரகத்தின் நிலையறிந்து அவற்றை மருத்துவர் தொடங்குவார்.

தூக்கமின்மைக்கும் வழி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாதம் எரிந்தால் தூக்கம் வராது. சர்க்கரை கூடினால் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கும். இவற்றைச் சரி செய்தாலே பாதித் தூக்கம் திரும்பிவிடும். மணம் அவருக்குப் பிடித்திருந்தால், படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு விட்டு அறையின் மூலையில் வைத்து, படுக்கும்போது அதை வெளியே கொட்டிவிடலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குழந்தை அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அதுவும் வேண்டாம். பாலில் ஜாதிக்காய்தான் வேண்டும் என்று அம்மா விரும்பினால், முழுக்காயிலிருந்து துருவிய ஒரு சிட்டிகைத் தூள், சர்க்கரை சேர்க்காத பாலில், எப்போதாவது ஒரு நாள். அதற்கு மேல் வேண்டாம். துளை விழுந்த, பூஞ்சை படிந்த காயை வாங்காதீர்கள்.

பல்வலிக்கு ஜாதிக்காய் எண்ணெயை விடக் கிராம்பு எண்ணெய்தான் பொருத்தம். மரத்துப்போகச் செய்யும் யூஜினால் கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியாக இருக்கிறது. ஜாதிக்காய் எண்ணெயில் அது பெயரளவுக்கே உண்டு. கிராம்பு எண்ணெயும் பல் மருத்துவரைப் பார்க்கும் வரைதான்.

குழந்தைக்கு இந்த எண்ணெயை வாயிலும் கொடுக்காதீர்கள், வயிற்றிலும் தடவாதீர்கள், மூக்கருகிலும் காட்டாதீர்கள். உப்புசம் என்றால் பால் குடித்தவுடன் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்வதும், கால்களை மடக்கி மடக்கி விடுவதும் பெரும்பாலும் போதும். உப்புசத்தோடு பச்சை நிற வாந்தியோ, காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பாட்டிலைப் பற்றியும் கேட்காமலேயே சொல்கிறேன். ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டுக் காயவிடுங்கள். ஓரிரு நாளில் பெரும்பாலும் ஆவியாகி, பலகாரம் வைத்த காகிதம்போல எண்ணெய்க் கறை தங்காமல் இருந்தால், மலிவான எண்ணெய் கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். காய் எங்கே விளைந்தது என்பதைப் பொறுத்தும் எண்ணெயின் வீரியம் மாறும்: இந்தோனேசியத் தீவுகளின் எண்ணெயில் மிரிஸ்டிசின் அதிகம், தன் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்திருக்கும் கிரனடாவின் எண்ணெயில் மிகக் குறைவு. உங்கள் பாட்டிலில் ஊர் குறிப்பிடப்படவில்லை என்றால் வீரியமானது என்றே கருதிக் கையாளுங்கள். நம் ஊர் வெயிலில் இவ்வகை எண்ணெய்கள் சீக்கிரம் கெடும். கெட்ட எண்ணெய் தோலில் ஒவ்வாமையைத் தரும். இருண்ட நிறப் பாட்டிலில், இறுக மூடி, அலமாரியின் மேல் தட்டில் பூட்டி வையுங்கள். திறந்து ஓராண்டுக்கு மேலானால் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் குழந்தை இன்னும் சில வாரங்களில் தவழ்ந்து எதையும் எடுத்து வாயில் வைக்கத் தொடங்கிவிடும். ஒருவேளை எண்ணெயை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாலோ உப்புத் தண்ணீரோ புகட்டாமல், வாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அங்குள்ள மருத்துவர் அடுத்த முடிவை எடுப்பார்.