எதிரே மிதந்து வரும் கடற்கண்ணி: சரக்குக் கப்பல் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சண்டை ஓய்ந்த ஒரு கடற்பகுதி வழியாக, 200 மீட்டர் நீளமுள்ள தானியக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் போகவிருக்கிறேன். கம்பி அறுந்து மிதக்கும் கண்ணிகள் (கடலில் போடும் கண்ணிவெடிகள்) பற்றி எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. அவற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா? எதிரே வந்தால் கப்பலை எப்படித் திருப்புவது? தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சித் தள்ளிவிடலாம், காவலர்களை வைத்துச் சுட்டுவிடலாம் என்கிறார்கள் உடன் வருபவர்கள். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். இரண்டையும் செய்யாதீர்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் கண்ணி வெடித்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பெரும்பாலும் இரும்புக்கூட்டில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறும். முழுக்க நிறைந்தால் வெடிமருந்தோடு அடியில் போய்க் கிடக்கும். பிறகு யாரோ ஒரு மீனவரின் வலையில் ஏறும். அரைகுறையாக நிறைந்தால் அதைவிட மோசம்: நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, யார் கண்ணுக்கும் தெரியாமல் அலையும். வெடித்தாலோ, துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு இரும்புச் சில்லும் எட்டும். தண்ணீர் பீய்ச்ச வேண்டுமானால் கண்ணி கப்பலை ஒட்டி வந்திருக்க வேண்டும். நீரின் வேகமே அதை வெடிக்க வைக்கும் கொம்பை வளைத்துவிடலாம். கயிறு போடுவது, படகிறக்கிப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது எல்லாம் இதே கணக்குதான். அழிப்பது கடற்படையின் வேலை. முக்குளிப்பவரோ தொலைவிலிருந்து இயக்கும் கருவியோ சிறு வெடியை அருகில் வைத்து, எட்டப் போய் வெடிக்க வைப்பார்கள்.

போர் முடிந்தும் இது ஏன் உயிரோடு இருக்கிறது என்பது புரிந்தால் இந்த எச்சரிக்கையின் கனம் புரியும். மிதந்து வருபவை பெரும்பாலும் நங்கூரக் கண்ணிகள்: அடியில் ஒரு கனத்த எடை, அதிலிருந்து மேலே வரும் கம்பி, அதன் நுனியில் காற்றடைத்த இரும்புக்கூடு. புயலில் கம்பி அறும், துரு தின்று அறும், கண்ணிகளை அகற்ற வரும் கண்ணி வாரும் கப்பல் வெட்டிவிட்டாலும் மேலே வரும். கூட்டின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மெல்லிய ஈயத்தால் ஆனது. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அமிலம். கொம்பு வளைந்தால் குப்பி உடையும். அமிலம் கீழே இருக்கும் தகடுகளில் பட்டதும் அந்த இடமே ஒரு மின்கலமாகி வெடிப்பானுக்கு மின்சாரம் அனுப்பும். அதாவது, உடையும் நொடியில்தான் மின்சாரமே பிறக்கிறது. தீர்ந்துபோக உள்ளே பேட்டரி கிடையாது. எனவே பல்லாண்டு கழித்தும் அது வேலை செய்யும்.

அறுந்துபோன நங்கூரக் கண்ணி உடனே செயலிழக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் 8ஆம் ஹேக் உடன்படிக்கை சொல்கிறது. கம்பியின் இழுவிசை நின்றதும் மின்சுற்றைத் துண்டிக்கும் ஒரு பொறி இதற்காகவே வைக்கப்படுகிறது. ஆனால் உப்பிலும் சிப்பியிலும் கிடந்த பொறி இறுகிப்போயிருக்கும். மிதக்கிற எதையும் உயிருள்ள கண்ணியாகவே நினைத்து நடந்துகொள்ளுங்கள். அளவும் உங்களை ஏமாற்ற வேண்டாம். யாம் என்ற சிறிய ரஷ்ய வகையில் ஏறத்தாழ 20 கிலோ வெடிமருந்து. பழைய எம்-08 வகையில் 115 கிலோ. 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் அடிமரத்தை (கப்பலின் முதுகெலும்பான அடிச்சட்டத்தை) முறித்தது இந்த எம்-08தான். அதன் வடிவமைப்பு 1908ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இனி கண்ணால் காண்பது. படங்களில் வருவது போலப் பளிச்சென்ற கறுப்புப் பந்து தெரியாது. கூட்டின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும். மேலே தெரிவது ஒரு கவிழ்த்த சட்டி அளவு முதுகுதான். துரு நிறம், பாசி, ஓட்டுச்சிப்பி. கொம்புகள் மறுபக்கம் திரும்பியிருக்கலாம், ஒடிந்திருக்கலாம். கொம்பு இல்லை என்பதால் கண்ணி இல்லை என்றாகாது. அது அசையும் விதத்தைக் கவனியுங்கள். காலி டிரம்மும் மீன்வலை மிதவையும் இலேசாகத் துள்ளும், காற்றுக்கு ஓடும், உருளும். கண்ணி கனமானது, அலையோடு சோம்பலாக ஏறி இறங்கும், சிற்றலை அதன்மேல் ஏறி வழிந்து போகும். ரேடாரை நம்பாதீர்கள். அலைகளின் எதிரொலியில் இவ்வளவு சிறிய முதுகு காணாமல் போய்விடும். இரவில் பார்க்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை வெண்ணுரையாக உடையும் நாளில் பகலிலும் ஏறத்தாழ அப்படித்தான்.

ஆகவே உங்கள் பாதுகாப்பில் பாதி, பயணத் திட்டம் போடும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆபத்தான பகுதியைப் பகலில் கடக்கும்படி நேரத்தை அமையுங்கள். கண்ணி வாரி முடித்து அறிவிக்கப்பட்ட பாதை இருந்தால் அதை விட்டு இம்மியும் விலகாதீர்கள். நேவ்டெக்ஸ் என்ற வானொலி எச்சரிக்கைச் சேவையிலும் செயற்கைக்கோள் வழியாகவும் வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்கும்போது, புள்ளியாகக் குறிக்காமல் வட்டமாகப் போடுங்கள். அந்த இடம், பார்த்த நேரத்துக்கு மட்டும்தான் சரி. காற்று மேற்பரப்பு நீரைத் தன் வேகத்தில் ஏறக்குறைய 3 சதவீத வேகத்தில் நகர்த்தும். 20 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று என்றால் 0.6 நாட், ஒரு நாளில் 14 கடல் மைல். அதே திசையில் 0.5 நாட் நீரோட்டமும் சேர்ந்தால் 26 கடல் மைல். இரண்டு நாள் பழைய செய்தியை நம்பி 10 மைல் ஒதுங்கிப் போவது வீண்.

கண்காணிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து பார்க்கும்போது கப்பலின் முனைக்கு முன்னால் கடல் மறைந்திருக்கும் தூரம், கப்பல் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை) விதி. உங்கள் கப்பலுக்கு அது 400 மீட்டர். அதாவது, விதிப்படியே 400 மீட்டர் வரை உங்களுக்குக் கண் இல்லாமல் இருக்கலாம். சரக்கில்லாமல் முனை தூக்கியிருந்தால்தான் இந்த மறைவு அதிகம். பல்லாஸ்ட் நீரை (சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றும் நீரை) சரிசெய்து முனையைத் தாழ்த்துங்கள். முனையிலேயே ஆளை நிறுத்தினால் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். வேண்டாம், வெடித்தால் முதலில் போவது அந்த இடம். பிரிட்ஜின் கூரைமேல் ஒருவர், பிரிட்ஜின் இருபுறமும் நீண்டிருக்கும் சிறகுகளிலும் ஒவ்வொருவர், ஆளுக்கொரு கோணம் பிரித்து, 7x50 தொலைநோக்கியோடும் கண்கூச்சம் தடுக்கும் போலராய்டு கண்ணாடியோடும் நிற்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். வெறும் தண்ணீரையே உற்றுப் பார்க்கும் கண், அதற்குமேல் பார்த்தும் பார்க்காததாகிவிடும்.

வேகம் குறித்துப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. மெதுவாகப் போனால் கப்பல் குறுகலாகத் திரும்பும் என்று நினைக்கிறார்கள். திரும்பும் வட்டத்தின் அளவு வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. பன்னாட்டுத் தரத்தின்படி, 10 பாகை சுக்கான் கொடுத்தால் 10 பாகை திரும்புவதற்குள் கப்பல் தன் நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு வரை போகலாம். உங்களுக்கு அது 500 மீட்டர். வேகம் குறைப்பதால் கிடைப்பது யோசிக்க நேரம். 12 நாட்டில் 400 மீட்டர் கடக்க 65 வினாடி, 8 நாட்டில் 97 வினாடி. ஒருவர் கூவி, மற்றவர் கேட்டு, சுக்கான் நகர 15 வினாடி ஆகிறது என்றால், 12 நாட்டில் 93 மீட்டர் போய்விடும். 8 நாட்டில் 62. இன்னொரு இலாபமும் உண்டு. மெதுவாகப் போகும்போது முழுச் சுக்கான் கொடுத்து என்ஜினைச் சட்டென்று முடுக்கினால், புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் அறைந்து கப்பலை வேகமாகத் திருப்பும். 8 முதல் 10 நாட் என்பது எங்கள் கருத்து. ஆட்டோ பைலட் வேண்டாம், கையால் ஓட்டுங்கள். என்ஜின் உடனே கட்டளைக்கு இணங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

திருப்புவதில் உயிர்நாடியான இடம் இது. எதிரே இடப்பக்க முனையருகே கண்ணி தெரிகிறது, வலப்பக்கம் திருப்புகிறீர்கள். முன்னோக்கி ஓடும் கப்பல், முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். முனை வலப்பக்கம் போகப் போக, அதன் பின்னால் இருக்கும் நீண்ட உடலும் புரொப்பெல்லரும் இடப்பக்கம், கண்ணியை நோக்கி வீசப்படும். முனை தப்பியது என்று மூச்சு விடும் நேரத்தில் பின்பகுதி போய் மோதும். எனவே கண்ணி, கப்பல் முனையின் தோளைத் தாண்டியதும் சுக்கானை இடப்பக்கம், அதாவது கண்ணி இருக்கும் பக்கமே, முழுக்கத் திருப்புங்கள். பின்பகுதி விலகிப் போகும். ஆள் கடலில் விழுந்தால் செய்வதும் இதுவே, கை பழகியிருப்பீர்கள். புறப்படும் முன் திறந்த கடலில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், சுக்கான் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும். முனையிலிருந்து கிளம்பும் அலை கண்ணியை ஒதுக்கித் தள்ளிவிடும் என்பார்கள். சில வேளை தள்ளும். அதை நம்பித் திட்டம் போட முடியாது. இடம் இருந்தால் 1 கடல் மைல் விலகுங்கள். குறைந்தது அரை மைல்.

கண்டதும் ஜிபிஎஸ் கருவியில், ஆள் கடலில் விழுந்தால் இடத்தைப் பதிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பதிவாவது உங்கள் இடம்தான். கண்ணியின் திசையையும் உத்தேசத் தூரத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் 'செக்யூரிட்டே' என்ற பாதுகாப்பு எச்சரிக்கைச் சொல்லை மூன்று முறை சொல்லி அறிவியுங்கள். கடலோர நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். சோலாஸ் 5ஆம் அத்தியாயத்தின் 31ஆம் விதிப்படி இது கேப்டனின் கடமை. என்ன பொருள், எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் என்று உலக நேரத்தில் சொல்ல வேண்டும். மிதக்கும் திசையும் அன்றைய காற்றும் கூடுதலாகச் சொன்னால், பின்னால் வருபவர் தன் வட்டத்தைச் சரியாகப் போடுவார். இரவு வந்தால் அவருக்கு இந்தச் செய்தியைத் தவிர வேறு கண் கிடையாது. சந்தேகமாக இருந்தாலும் சொல்லுங்கள். 2022 மார்ச் 26 அன்று போஸ்பரஸ் நீரிணை அருகே ஒரு கண்ணி தெரிந்தபோது போக்குவரத்தையே சிறிது நேரம் நிறுத்தினார்கள்.

மோதிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். நீர்மட்டத்தில் வெடிக்கும் கண்ணியின் விசையில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். ஆழத்தில் வெடிப்பது போல அடிமரத்தைத் தூக்கி முறிப்பது அரிது. ஆனால் பக்கத்தில் ஓட்டை விழும், அதிர்ச்சி கப்பல் முழுதும் ஓடும். ஓட்டையைவிட என்ஜின் ரூமில் கடல்நீர் எடுக்கும் வார்ப்பிரும்பு வால்வுகள் விரிசல் விடுவது கப்பலை மூழ்கடிக்கலாம். முதலில் அங்கே பாருங்கள், பிறகு எல்லாத் தொட்டிகளிலும் நீர்மட்டம் அளந்து பாருங்கள். ஆபத்துப் பகுதிக்குள் நுழையும் முன்பே நீர்புகாக் கதவுகளை மூடுங்கள். முன்பகுதி அறைகளிலும் நீர்மட்டத்துக்குக் கீழும் வேலை வேண்டாம். என்ஜின் ரூமில் தவிர்க்க முடியாதவர் மட்டும். அவசர ஜெனரேட்டரையும் அவசரத் தீயணைப்புப் பம்பையும் ஓட்டிப் பாருங்கள். எல்லோரும் உயிர்காப்பு அங்கியும் தலைக்கவசமும் அணியட்டும். நிற்பவர்கள் முழங்காலைச் சற்று மடக்கி, கைப்பிடியைப் பிடித்து நிற்கட்டும். சுவரில் சாய வேண்டாம். வெடிப்பில் தளம் மேல்நோக்கி உதைக்கும்போது விறைப்பாக நிற்பவரின் கணுக்காலும் முதுகெலும்பும்தான் முறிகின்றன. பக்கத்தில் மணல் தரை இருந்தால் கரை தட்ட வைப்பதும் ஒரு வழி. 2023 டிசம்பர் இறுதியில் டான்யூப் ஆற்றுத் துறைமுகத்துக்குத் தானியம் ஏற்றப் போன வைசோஸ் என்ற கப்பல் கண்ணியில் மோதியபோது, மூழ்காமலிருக்க அதைத்தான் செய்தார்கள்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக: கப்பல் உடலுக்கான சாதாரணப் பாலிசி, கைவிடப்பட்ட கண்ணியால் வரும் சேதத்தை ஏற்காது. போர் அபாயப் பாலிசிதான் ஏற்கும். அந்தப் பகுதிக்குள் போகும் முன் காப்பீட்டாளருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி சொல்லிவிட்டதா என்று கேப்டன் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கச் சொன்னால், அறிவிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் நங்கூரம் போடாதீர்கள். மேற்பரப்பில் ஓடுவதற்குப் பாதுகாப்பானது என்று அறிவித்த பழைய கண்ணிப் பகுதியிலும், அடியில் பழைய கண்ணிகள் கிடக்கும். நங்கூரம் தூக்கும்போது கூடவே உருண்டையாக ஏதாவது ஏறி வந்தால் நங்கூரத்தை இழுக்கும் விஞ்சுப் பொறியை அங்கேயே நிறுத்துங்கள். மேலே தூக்கவும் வேண்டாம், உதறிவிடவும் வேண்டாம். முன்தளத்தில் இருப்பவர்களைப் பின்னால் அனுப்பிவிட்டு, துறைமுகக் கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள்.