இரண்டே இரண்டு கோப்பைதானா?

கேள்வி: ஸ்வீடனின் மோடோ ஐஸ் ஹாக்கி கிளப்பை ஆஹா ஓஹோ என்கிறார்கள். நூறு வருஷத்தில் சாம்பியன் ஆனது இரண்டே தடவை. 2025-ல் மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. வளர்த்துவிட்ட பையன்களும் டாலரைக் கண்டதும் அமெரிக்காவுக்கு ஓடிவிட்டார்கள். இதில் என்ன பெருமை?
(பெயர் எழுத மறந்த வாசகர்)

பதில்: கணக்கு சரி. 1979, 2007, அவ்வளவுதான். நீங்கள் விட்டதையும் நானே சேர்த்துத் தருகிறேன்: 1994, 1999, 2000, 2002 என நாலு முறை இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றிருக்கிறார்கள்.

ஊரைப் பார்த்தீர்களா? ஒர்ன்ஷோல்ட்ஸ்விக். உள்ளூர்க்காரர்களுக்கே வாய் வலிக்கும் போல, ‘ஓவிக்’ என்று சுருக்கிவிட்டார்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து சாலையில் 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, சுமார் முப்பதாயிரம் பேர் இருக்கிற மரக்கூழ் ஆலை ஊர். 1921-ல் ஆல்ஃப்ரெட்ஸ்ஹெம் என்ற பெயரில் தொடங்கிய கிளப், 1963-ல் ‘மோ–டோம்ஷோ’ என்ற அந்த ஆலைக் கம்பெனியின் பெயரைச் சுருக்கி மோடோ ஆனது.

அந்த ஊரில் 1973 ஜூலையில், பத்தே நாள் இடைவெளியில், பின்னாளில் பெரிய ஐஸ் ஹாக்கி நட்சத்திரங்களான பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கும் மார்கஸ் நேஸ்லுண்டும் பிறந்தார்கள். 1999-ல் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லின் டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) இரண்டாவது, மூன்றாவது இடங்களில் எடுக்கப்பட்ட செடின் இரட்டையர்கள் இந்த ஊர்ப் பையன்கள். 2009-ல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட விக்டர் ஹெட்மனும் அப்படியே. மாநகரங்களிலிருந்து இப்படி ஒரு வரிசை வந்தாலே மூக்கில் விரல் வைப்பார்கள்.

சரி, ‘ஓடிய’ கதைக்கு வருவோம். ஃபோர்ஸ்பெர்க்கை அமெரிக்க அணி டிராஃப்டில் எடுத்தது 1991-ல். பையன் 1994 வரை ஊரிலேயே ஆடினார். அந்த பிப்ரவரியில்தான் லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதிப் போட்டி. கனடாவுடன் 2-2, பிறகு பெனால்டி. ஃபோர்ஸ்பெர்க் ஒரு பக்கமாகச் சறுக்கிப் போய், கனடா கோல்கீப்பர் கோரி ஹிர்ஷை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, ஒற்றைக் கையில் ஸ்டிக்கைப் பின்னால் நீட்டி, எதிர்ப்பக்க இடைவெளியில் ‘பக்’ என்கிற ரப்பர் வட்டைத் தள்ளினார். ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். அதைத் தபால்தலையாகவே போட்டார்கள். தோற்ற கோல்கீப்பர் தன் உருவத்துக்கு அனுமதி தரவில்லை. அதனால் தபால்தலையில் அவருடைய சட்டையின் நிறத்தையும் எண்ணையும் மாற்றிவிட்டார்கள். (பாவம், யார்தான் தருவார்!)

2004-05-ல் சம்பளத் தகராறில் என்.ஹெச்.எல். சீசன் முழுக்க ரத்தானது. அப்போது ஃபோர்ஸ்பெர்க், நேஸ்லுண்ட், செடின் சகோதரர்கள் நால்வருமே மோடோவுக்கு வந்து ஆடினார்கள். ஓடிப்போனவர்களுக்குத் திரும்பி வர வழி தெரிந்திருக்கிறது!

நால்வரும் வந்து கோப்பை கிடைத்ததா என்பீர்கள். இல்லை. அந்த வருஷம் ஃப்ரோலுண்டா சாம்பியன். அடுத்து மோடோ ஜெயித்தது 2007-ல். இறுதிச் சுற்றில் லின்ஷோப்பிங் அணியை ஆட்டக் கணக்கில் 4-2 என வீழ்த்திய அந்த அணியில் இந்த நால்வரில் ஒருவர்கூட இல்லை.

உங்கள் கையில் வலுவான வாதம் ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். பின்னாளில் நேஸ்லுண்டும் ஃபோர்ஸ்பெர்க்கும் கிளப்பின் நிர்வாகத்திலேயே உட்கார்ந்தார்கள், 2014 வரை. அடுத்த இரண்டே வருஷத்தில் மோடோ கீழ் டிவிஷனுக்கு விழுந்தது. மேலே ஏற 2023 ஆகிவிட்டது. அதைப் பற்றிக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன்.