தேங்காய் நார்ப் பலகையும் அறையின் ஒலியும்: கேள்வி-பதில்

கே: 5 செ.மீ. ரப்பர் காயர் (ரப்பர் பாலால் பிணைத்த தேங்காய் நார்) பலகையைச் சுவரில் ஒட்டினேன். கைதட்டினால் எழும் கணீர் போய்விட்டது. ஆண்குரல் மட்டும் இன்னும் முழங்குகிறது. ஏன்?

ப: துளைகளுக்குள் காற்று முன்பின்னாக அசைந்து நாரோடு உராயும்போதுதான் ஒலி வெப்பமாகித் தேய்கிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுக்கு அசைவே இல்லை. கால் அலைநீளம் தள்ளித்தான் அசைவு உச்சம்: 1000 ஹெர்ட்ஸுக்கு 8.6 செ.மீ., 250 ஹெர்ட்ஸுக்கு 34 செ.மீ. உங்கள் பலகை ஆண்குரல் போன்ற கனத்த, அதாவது ஹெர்ட்ஸ் குறைந்த, ஒலிக்கு எட்டாத இடத்தில் கிடக்கிறது. பிய்த்தெடுத்து, 5 செ.மீ. மரச்சட்டத்தின் மேல் பொருத்தி, பின்னால் காற்று இடைவெளி விடுங்கள். சட்டத்தின் விலையில் இதைவிட லாபம் கிடையாது.

வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காய் நார் 0.1 முதல் 0.4 மி.மீ. வரை தடிமன் உள்ளது. கண்ணாடிக் கம்பளி இழை அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. ஆகவே தளர்ந்த நாருக்குள் காற்று தடையின்றிப் போய்விடும், உராய்வு போதாது. நெருக்கி அழுத்திய பலகையே நல்லது. ஆனால் லேடெக்ஸ் (ரப்பர் பால்) மேற்பரப்பைப் படலமாக மூடியிருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

கே: 4×3×3 மீட்டர் அறைக்கு எவ்வளவு தேவை?

ப: சபைன் சூத்திரம் போதும்: எதிர்முழக்க நேரம் (அறையில் ஒலி அடங்க எடுக்கும் நேரம்) = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சுதல். உங்கள் அறை 36 கன மீட்டர். இப்போது 1.2 விநாடி என்றால் உறிஞ்சுதல் 4.8 சதுர மீட்டர். 0.6 விநாடியாகக் குறைக்க இன்னொரு 4.8 வேண்டும். பலகையின் உறிஞ்சு கெழு (மேலே படும் ஒலியில் அது விழுங்கும் பங்கு) 0.7 என்றால் சுமார் 7 சதுர மீட்டர். கெழு எந்த அதிர்வெண்ணுக்கு என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒரே ஒரு எண்ணை நம்ப வேண்டாம்.

கே: பெயின்ட் அடிக்கலாமா?

ப: கூடாது, துளை அடைபடும். துணி போர்த்தலாம், வாயில் வைத்து ஊதினால் காற்று எளிதாகப் போகும் துணியாக இருக்கட்டும்.

கே: பக்கத்து வீட்டு டிவி சத்தம் நிற்குமா?

ப: நிற்காது. அதற்கு எடையுள்ள, விரிசலில்லாத சுவர் வேண்டும். காற்று புகும் பொருள் ஒலியையும் விடும்.

கே: பூஞ்சை, தீ?

ப: லிக்னின் (தாவரத்துக்கு உறுதி தரும் பொருள்) மிகுதியால் நார் எளிதில் மக்காது. ஆனால் நார்த்தூள் ஒட்டியிருந்தால் ஈரம் தேங்கும். தூள் நீக்கியதையே வாங்குங்கள், ஓதமடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். தீ விஷயம் அப்படியல்ல, பதப்படுத்தாத நார் எரியும். போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலில் நனைத்து உலர்த்தியது தேவலை. ஆனால் அது நீரில் கரைவதால், பலகையைக் கழுவினால் பாதுகாப்பும் போய்விடும். பொது அரங்கம் என்றால் தீப் பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.